மாதிரிக்கு வைத்த முகம்

தனேஸ்வரனின் கைப்பேசி யாராவது செத்தால்தான் அடிக்கும்.

கதைக்காகக் கூட்டிச் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் எடுங்கள் என்று கூப்பிடும் குரல்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சென்ற வருடம் முழுக்க அவனுக்கு வந்த அழைப்புகள் பதினேழு. பதினேழும் சாவு. “தனேஸ், அம்மா தவறிட்டாங்க லா. படம் அனுப்புறேன், கொஞ்சம் செஞ்சி குடுத்துடு” என்பார்கள். அவனும் செய்து கொடுப்பான். அடுத்த சாவு வரைக்கும் அந்தக் கைப்பேசி மணி பார்க்கத்தான் உதவும்.

ஈப்போ புந்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில், நான்காவது மாடியில், நாற்பத்தேழு வயதில் தனியாக இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பார்க்கலாம் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், பார்க்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பகலில் தரை ஓடு விற்கும் கடை ஒன்றின் கிடங்கில் வேலை. முதலாளி தவுக்கே நல்ல மனிதர், ஆனால் ஓடுகளோடு பேசும் அளவுக்குக்கூட ஆட்களோடு பேசமாட்டார்.

பிறந்தது பத்து காஜா ஊர்ப் பக்கம் சுங்கை செம்பாக்கா தோட்டத்தில். அந்த ரப்பர் தோட்டத்தில் பாதி இப்போது செம்பனை, மீதி வீடமைப்புத் திட்டம். அங்கிருந்தவர்கள் ஈப்போ, லகாட், ஜொகூர் என்று சிதறிப்போய், கடைசியில் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் குடியேறியிருந்தார்கள். பெயர், ‘செம்பாக்கா உறவுகள்’. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காலையில் பூப்படம், மத்தியானம் வைத்தியக் குறிப்பு, ராத்திரி சாமிப் பாட்டு. நடுநடுவே சாவு.

சாவு அறிவிப்பைச் செய்வது தனேஸ்வரன். அசையாத படமாக இல்லை, அசையும் படமாக.

இந்த வித்தையை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவன் அம்மா முத்தம்மா இறந்தபோது, அச்சுக் கடைக்காரன் ஒருவன் அறிவிப்பு அடித்துக் கொடுத்தான். கட்டத்துக்குள் இடம் மீந்ததால் அம்மாவின் முகத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பியிருந்தான். வாழ்நாளெல்லாம் ஒடிசலாக இருந்தவள், செத்த அன்று பூசணிக்காய் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். தனேஸ்வரனுக்கு வந்த கோபம் அவனுக்கே புதிது. காரியம் முடிந்த மறுவாரம் பழைய மடிக்கணினி ஒன்றைப் பிடித்தான். இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினான். இந்தோனேசியப் பையன்களும் வட இந்தியப் பையன்களும் போடும் வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான். அவர்கள் பேசுவது புரியாது. அம்புக்குறி எங்கே போகிறது, எதை அமுக்குகிறது என்று மட்டும் பார்ப்பான். அப்படியே படித்தான்.

கூட்டத்தில் நிற்கும் ஒருவரைத் தனியே பிரித்தெடுக்க, கத்தரித்தால் போதாது. தலைமயிர் ஓரம் பலகையில் வெட்டிய மாதிரி தெரியும். அங்கே மிருதுவான தூரிகையை எடுத்து, பின்னணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துக்கொண்டு வர வேண்டும். விளக்குச் சுடரை ஆட்டிவைக்க முழு வீடியோ எதற்கு? தன் வீட்டுச் சாமி விளக்கையே படம்பிடித்து, மூன்றே படங்களைப் பொறுக்கி வைத்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஓட்டினால் கண் கண்டுபிடித்துவிடும். ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, மறுபடி இரண்டு என்று கலைத்து ஓட்டினால் சுடர் நிஜமாகவே காற்றுக்குத் தவிக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் சாமி விளக்கிடமே சொன்னான்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்திருந்தான். இரண்டு வருடத்துக்கு முன், லகாட்டில் ராக்காயி என்பவரின் கணவர் இறந்துபோனார். அவருக்கு அடையாள அட்டையான ஐசியில் இருந்த மங்கல் படத்தைத் தவிர வேறு படமே இல்லை. யாரோ ஒரு மருமகன் அதை அனுப்பினான். அறிவிப்பு முடிந்த பிறகும் தனேஸ்வரனுக்கு மனசு ஆறவில்லை. ஒரு மனிதனுக்கு உலகத்தில் ஒரே படம், அதிலும் போலீஸ்காரனைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, கன்னத்துத் தோலை எடுத்து இமையாக வரைந்து, பாதி மூடிய கண், முழுக்க மூடிய கண் என்று செய்து, அவரைக் கண் சிமிட்ட வைத்தான். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சீராகச் சிமிட்டினால் பொம்மை. நான்கு நொடிக்கு ஒரு தரம், பிறகு இரண்டு, பிறகு ஆறு என்று முன்பின்னாக இருந்தால்தான் மனுசன். குழுவில் போட்டான். பத்துப் பேர் இதயம் போட்டார்கள். அந்த ராக்காயியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

விட்டுவிட்டான் என்று சொல்வதுதான். ஒவ்வொரு முறையும் அறிவிப்பைப் போட்டதும், யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். அதில் முதலாவதாக எப்போதும் ஒரே எண் வரும். பெயர் கிடையாது, முகப்படம் கிடையாது, கடைசி நான்கு எண்கள் 7719. போட்ட ஐந்தாவது நிமிடத்தில் பார்த்துவிடும். ஒரு கும்பிடுகூடப் போடாது. வேலையத்த ஆள் எவனோ என்று தனேஸ்வரன் அவனைத் திட்டிக்கொள்வான். ஆனாலும் அந்த எண் வந்துவிட்டதா என்று முதலில் பார்ப்பான்.

மற்றவர்கள் கூப்பிய கைகளைப் போடுவார்கள். அறுபது, எழுபது ஜோடிக் கைகள். எல்லாம் இறந்தவருக்கு. சுடர் நன்றாக ஆடுகிறதே என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. சாவு வீட்டில் பந்தல் அழகைப் பாராட்டுவதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பந்தல்காரனுக்கு அது வலிக்காது என்று சொல்ல முடியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு அவனுடைய மாதிரிக் கோப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து செய்ய முடியாது என்று, விளக்கு, பூக்கள், ‘இறப்பு அறிவிப்பு’ என்ற தலைப்பு எல்லாம் வைத்து ஒரு கோப்பு தயாராக வைத்திருந்தான். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரிதான் அந்தக் கோப்பு. லேயர் என்பார்கள். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். கண்ணைத் தட்டினால் அந்தத் தாள் மறையும், மறுபடி தட்டினால் தெரியும். நடுக் கட்டத்தில் முகம் எவ்வளவு பெரிதாக வர வேண்டும், கண்கள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அளவு பார்க்க அங்கே ஒரு மாதிரி முகம் வேண்டும். போன சாவுக்காரரின் முகத்தை அங்கேயே விட்டுவைத்தால் மறந்துபோய்ச் சேர்த்து அனுப்பிவிடும் ஆபத்து. உயிரோடிருக்கும் ஒருவர் முகத்தைச் சாவுக் கட்டத்தில் வைப்பது பாவம். கேள்விப்பட்டால் குழுவே கூடி அடிக்கும். அதனால் தன் முகத்தையே வைத்தான். அதே தாளில், பெயர் எழுதும் பட்டையிலும் தன் பெயர்தான். தமிழ் எழுத்துருக்கள் பல, ‘ஸ்வ’ வந்தால் புள்ளியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் போட்டுவிடும். தனேஸ்வரன் என்பது ஒழுங்காக வந்தால் யார் பெயரும் ஒழுங்காக வரும்.

பத்து வருடத்துக்கு முன் எடுத்த படம். மீசை கறுப்பாக இருந்தது. கட்டத்துக்குள், ஆடும் விளக்குக்குப் பின்னால், அவன் கொஞ்சம் அழகாகவே இருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கைப்பேசி அடித்தது. பழனியப்பன்.

“தனேஸ், எங்கம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க லா. இன்னைக்கி மூனு மணிக்கி எடுக்குறோம். படம் அனுப்புறேன், சீக்கிரம் செஞ்சி போட்டுடு.”

“செல்லாயிம்மாவா? அடக் கடவுளே. எப்புடிண்ணே?”

“வயசாச்சி லா. சரி, வைக்கிறேன், சாமானெல்லாம் வாங்கணும்.”

செல்லாயிக்கு எழுபத்தொன்பது வயது. தனியாக ஒரு படம் இல்லை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் நான்கு பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். யாருடைய முழங்கையோ அவள் தாடையை மறைத்தது. எட்டரைக்கு வேலை. தனேஸ்வரன் பசியாறவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. முழங்கையை நீக்கி, கழுத்துப் பக்கத் தோலை எடுத்துத் தாடையில் ஒட்டி, நிழல் கொடுத்தான். பிறகு அளவு பார்க்கத் தன் முகத் தாளின் கண்ணைத் திறந்து, தன் கண்களுக்கு நேராகச் செல்லாயியின் கண்களைக் கொண்டுவந்து பொருத்தினான். பொருந்தியது. அதற்குள் விளக்கின் சுடர் எங்கோ ஒரு துள்ளுத் துள்ளுவதைக் கவனித்துவிட்டான். விடுவானா? படத்தைப் பெரிதாக்கி, விளக்கை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் அந்தச் சுடரோடு மல்லுக்கட்டினான். சரியானதும் மணி எட்டு பத்து. அப்படியே வீடியோவாக மாற்றி, குழுவில் போட்டு, கீழே ‘செல்லாயி (79) காலமானார். நல்லடக்கம் இன்று மதியம் 3 மணி, பத்து காஜா’ என்று தட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான்.

தன் முகத்தின் கண்ணை மூட மறந்திருந்தான்.

பத்து மணிக் கோப்பிக்கு உட்கார்ந்தபோதுதான் திறந்து பார்த்தான். இருட்டில் விளக்கு எரிந்தது. மூன்று நொடி கழித்து, மலர்கள் விலக, கறுப்பு மீசையோடு அவன் வந்தான். கீழே பட்டையில், ‘அமரர் தனேஸ்வரன்’. செல்லாயி அவன் முதுகுக்குப் பின்னால் எங்கோ அடியில் கிடந்தாள்.

குழுவே கொதித்துக்கொண்டிருக்கும், பழனியப்பன் அரிவாளோடு கிளம்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு கீழே தள்ளிப் பார்த்தான்.

கூப்பிய கைகள். ஐம்பத்தெட்டு ஜோடி. ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘ஆன்மா சாந்தியடைக.’ ‘ஓம் சாந்தி.’ பழனியப்பனே வந்து, ‘நன்றி உறவுகளே’ என்று போட்டிருந்தான். குழுவை நடத்தும் தீபன் வழக்கம்போல் குரல் பதிவு ஒன்றைப் போட்டிருந்தான்: “உறவுகளே, மூனு மணிக்கி எடுக்குறாங்க. பத்து காஜா பழைய பாசார் சந்தைக்குப் பின்னால, நீலக் கூடாரம் போட்டிருக்கும். எல்லாரும் தவறாம வந்துடுங்க லா.” ஒருவர்கூட வீடியோவை ஓட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் விளக்கு தெரிகிறது, கீழே செல்லாயி என்று எழுதியிருக்கிறது, கையைக் கூப்பினால் முடிந்தது.

அந்த நொடியே அதை அழித்திருக்க வேண்டும். விரல் அங்கே போகவும் போனது. ஆனால் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். இருநூற்றுப் பதினோரு பேரில் ஒருவராவது திறந்து பார்ப்பார்கள், பார்த்தால் பதறுவார்கள், பதறினால் கூப்பிடுவார்கள். “டேய் தனேஸ், என்னடா இது, நீ இருக்கியா இல்லியா?” என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஆசை என்பதா, பசி என்பதா, தெரியவில்லை. ஒரு மணி வரைக்கும் பார்க்கலாம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டான்.

யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தான். முதலில் 7719. எட்டு பதினேழுக்கே பார்த்திருந்தது. ‘பாத்துட்டும் சும்மா இருக்கான் பாரு’ என்று நினைத்தபோது, எப்போதும் வரும் எரிச்சல் வரவில்லை.

பதினோரு மணிக்கு எழுபது ஜோடிக் கைகள். பன்னிரண்டரைக்கு நூற்று நாற்பது பேர் செய்தியைப் பார்த்தாயிற்று என்று பட்டியல் சொன்னது; வீடியோவை ஓட்டினார்களா என்று அதற்குத் தெரியாது. ஓடு ஏற்ற வந்த லாரிக்காரன், “என்னா தனேஸ், போனையே பாக்குற, பொண்ணா?” என்று கேட்டான். தனேஸ்வரன் சிரித்துவைத்தான். கைப்பேசியில் சத்தம் குறைந்திருக்கிறதோ என்று இரண்டு தடவை சரிபார்த்தான். சத்தம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு மணிக்கு அழித்தான். மத்தியான இடைவேளையில் வீட்டுக்குப் போய், தன் கண்ணை மூடி, செல்லாயியை வெளியே கொண்டுவந்து, மறுபடி போட்டான். திரும்பவும் கூப்பிய கைகள் வரத் தொடங்கின. காலையில் கும்பிட்டவர்களே மறுபடி கும்பிட்டார்கள். எதற்காக இரண்டு தடவை என்று ஒருவரும் கேட்கவில்லை.

செத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. சமையலறையில் நின்றபடி கொஞ்ச நேரம் அழுதான். அழுது முடித்தபோது அவமானமாக இருந்தது. தனக்காக அல்ல, செல்லாயிக்காக. அவள் ஊரோடு விடைபெறுகிற ஒரே காலையில், அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து மணி நேரம் தன் முகத்தை வைத்துக்கொண்டு, எனக்கு யார் இருக்கிறீர்கள் என்று பிச்சைக்கு உட்கார்ந்திருந்தான். வழக்கமாகச் சாவு வீடுகளுக்கு அவன் போவதில்லை. இந்தச் சாவுக்குப் போகாவிட்டால் தூக்கம் வராது என்று தோன்றியது. தவுக்கேயிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பத்து காஜாவுக்கு மோட்டாரைத் திருப்பினான்.

நீலக் கூடாரம் தூரத்திலேயே தெரிந்தது. உள்ளே கூட்டம். பறை இன்னும் தொடங்கவில்லை. ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்துக்கு வெளியே, வெயிலில், சாக்கடை ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி தனியாக இருந்தாள். அறுபது வயது இருக்கும். வெளிறிப்போன சேலை, கையில் குடை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பையிலிருந்து மாலை ஒன்று எட்டிப் பார்த்தது. சாவுக்கு வந்தவள் உள்ளே போகாமல் ஏன் இங்கே இருக்கிறாள் என்று நினைத்தபடி தனேஸ்வரன் மோட்டாரை நிறுத்தினான். தலைக்கவசத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“தம்பி,” என்று அவள் கூப்பிட்டாள். “நீங்க செம்பாக்காதானே?”

“ஆமாங்க்கா.”

“ஒரு ஒத்தாச செய்யிங்க தம்பி. இன்னொரு சாவு எங்கன்னு தெரியுமா?”

“இன்னொரு சாவா?”

“எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். இது செல்லாயி சாவுங்குறாங்க. அது தெரியிது, உள்ளாற படுத்திருக்கே. நான் வந்தது இவனுக்கு. அந்தத் தீபன் பய நீலக் கூடாரம்னான், நானும் ரெண்டு பஸ்ஸு ஏறி வந்துட்டேன். இங்க வந்தா ஆளயே காணோம். இவன் வீடு எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல தம்பி.”

பையைத் துழாவி ஒரு பழைய கைப்பேசியை எடுத்தாள். அவள் வீட்டில் இணையம் கிடையாது, பக்கத்து வீட்டு வைஃபைதான். வீட்டை விட்டு வந்தபிறகு குழுவில் நடந்த எதுவும் அதில் வந்திருக்கவில்லை. விரலால் ஒரே தட்டு. இருட்டில் விளக்கு எரிந்தது. சுடர் ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று என்று தவித்தது. மலர்கள் விலகின.

“முத்தம்மா மவன்,” என்றாள். “படம் செய்யிற பய. அவங்கம்மா மூக்கு அப்புடியே இருக்கு பாருங்க.”

தனேஸ்வரனின் கை தலைக்கவசத்தின் வாருக்குப் போனது. “கீழ எழுதியிருந்துச்சே, படிக்கலியாக்கா?” என்று என்னவோ கேட்டுவைத்தான்.

“எனக்கு எழுத்து தெரியாது தம்பி. பத்து வயசுல ரப்பர் வெட்டுக்குப் போனவ. படத்தத்தான் பாப்பேன். இந்தப் பய போடுற படம் எல்லாத்தையும் பாப்பேன், வந்த ஒடனே பாத்துடுவேன். இன்னைக்கி பாத்தா இவனே படுத்துட்டான்.” குரல் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அம்மாவும் போயிட்டா, கட்டுனவளும் இல்ல. அழுவறதுக்கு ஒரு பொம்பள வேணுமில்ல? அதான் வந்தேன். மாலையும் துண்டும் எடுத்துக்கிட்டு வந்தேன். வாசல்ல ஒக்காந்திருக்கேன், யாராச்சும் வழி சொல்லுவாங்கன்னு.”

தனேஸ்வரன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

அவள் அவனைப் பார்த்தாள். கைப்பேசியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். மீசை நரைத்திருந்தது, தாடி வேறு வளர்ந்திருந்தது. மூக்கு மட்டும் முத்தம்மாவின் மூக்கு.

அடுத்த நொடி குடை அவன் தோளில் விழுந்தது. பலமாகத்தான் விழுந்தது. “நாசமாப் போறவனே! வெளயாட்டாடா இது? வெளக்கு ஏத்தி வெச்சிப் படம் போடுறியே, மூளை இருக்கா? பஸ்ஸு முழுக்க அழுதுக்கிட்டு வந்தேன்டா! பக்கத்துல ஒக்காந்திருந்த மலாய்க்காரம்மா டிஸ்யூ குடுத்துச்சு!” கூடாரத்திலிருந்து நான்கைந்து தலைகள் திரும்பின. அவள் குடையைக் கீழே போட்டுவிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு, அவனுக்காகக் கட்டிக்கொண்டு வந்த அழுகையை அங்கேயே, அவன் முன்னாலேயே அழுது தீர்த்தாள்.

அவன் மண்ணில் குந்தினான். மறைக்கத் தோன்றவில்லை.

“தப்புதான்க்கா. காலையில அவசரத்துல நடந்துபோச்சு. ஆனா பத்து மணிக்கே பாத்துட்டேன். பாத்துட்டும் அழிக்கல. யாராச்சும் கூப்புடுவாங்களான்னு ஒக்காந்திருந்தேன். ஒருத்தரும் கூப்புடல.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை.

“எனக்குக் கூப்புடத் தெரியாதுடா,” என்றாள். “பஸ்ஸு ஏறத்தான் தெரியும்.”

உள்ளே பறை தொடங்கியது. எடுக்கப் போகிறார்கள் என்று எல்லாரும் எழுந்தார்கள். இருவரும் உள்ளே போனார்கள். அவனுக்காகக் கொண்டுவந்த மாலையை அவள் செல்லாயிக்குப் போட்டாள். தனேஸ்வரன் செல்லாயியின் காலடியில் நின்று, மன்னிச்சிக்குங்கம்மா என்று மனசுக்குள் சொன்னான். தாடையைத் தான் வரைந்தது சரியாகத்தான் வந்திருந்தது என்பதையும் பார்த்துக்கொண்டான். பழக்கம் விடாது, என்ன செய்ய. பழனியப்பன் அவன் கையைப் பிடித்து, “படம் நல்லாருந்துச்சு லா” என்றான். எந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து, அவளை லகாட்டில் கொண்டுவிட மோட்டாரில் ஏற்றிக்கொண்டான். வாசலில் இறங்கியதும்தான் அவள் பெயரைக் கேட்டான். ராக்காயி என்றாள். கேட்டதும் அவனுக்கு இமை வரைந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஞாபகத்துக்கு வந்தன.

“ஐசி படமா? கண்ணு சிமிட்டுனது?”

“எம் புருசனுக்கு நீதானே கண்ணத் தொறந்து வெச்ச. தெனமும் விடியக்காலம் எழுந்திரிச்சி மொதல்ல அவரத்தான் பாப்பேன்.” கொஞ்சம் தயங்கினாள். “ஒன்னு சொன்னா கோவிச்சுக்காத. அவருக்கு எடது கண்ணு சிமிட்டாது. ரப்பர் பால் ஸ்டோர்ல வேல செய்யிறப்ப ஆசிட்டு பட்டது. முப்பது வருசமா அது அப்புடியேதான் தொறந்திருக்கும்.”

“அடடா. நான் மாத்திக் குடுக்குறேன்க்கா. ஒரு ராத்திரி வேலதான்.”

“வேணாம்,” என்றாள் உடனே. “அவரு ரெண்டு கண்ணையும் சிமிட்டிப் பாத்து எத்தன வருசமாச்சி. நல்லாருக்கு. இருக்கட்டும்.”

அவள் கைப்பேசியை வாங்கி அவளுடைய எண்ணைப் பார்த்தான். முடிவில் 7719. பிறகு வாசலிலேயே நின்று, அந்தக் கைப்பேசியில் தன்னை ஒரு படம் எடுத்தான். நரைத்த மீசை, தாடி, காலையிலிருந்து கழுவாத முகம், அழுத கண். எதையும் திருத்தவில்லை. எழுத்து தெரியாதவளுக்குப் பெயரை எழுதிவைத்து என்ன பிரயோசனம்? தன் எண்ணுக்கு அந்த முகத்தை வைத்து, திரையின் முதல் பக்கத்தில் பெரிதாகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“இந்த மூஞ்சிய அமுக்குங்கக்கா. எனக்கு அடிக்கும்.”

“அமுக்குனா போதுமா?”

“போதும்.”

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மாதிரிக் கோப்பைத் திறந்தான். தன் முகத் தாளை அழித்தான். அந்த இடத்தில் ஒரு கத்தரிக்காயின் படத்தை வைத்து, அதற்கு இரண்டு கண் வரைந்தான். இனிமேல் மறந்து அனுப்பினாலும் யாரும் பஸ் ஏற வேண்டியதில்லை.

மூன்று நாள் கழித்து, காலை ஆறேகால். கைப்பேசி அடித்தது. அந்த நேரத்தில் அடித்தால் என்னவென்று தனேஸ்வரனின் கைக்குத் தெரியும். ஒரு கையால் மடிக்கணினியைத் திறந்தபடி, மறு கையால் எடுத்தான்.

“சொல்லுங்கக்கா. யாரு தவறிட்டாங்க?”

“யாரும் தவறலடா,” என்றாள் ராக்காயி. “நீ இருக்கியான்னு பாத்தேன்.”

மடிக்கணினியில் கத்தரிக்காய் அவனைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தது. அதை மூடிவைத்தான்.

“இருக்கேன்க்கா,” என்றான்.